குறுக்கே வராத மாடு

மாடு குறுக்கே வந்தது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். முதலில் என் கணவரிடம், பிறகு கார் திருத்தும் கராச்காரத் தம்பியிடம், பிறகு ஆஸ்பத்திரியில் விசாரித்தவர்களிடம். எங்கள் தீவுப் பக்கத்தில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கட்டாக்காலி மாடுகள் நடு றோட்டில் படுத்திருக்கும். ஹோர்ன் அடித்தால் தலையை மட்டும் திருப்பிப் பார்க்கும். நான் சொன்ன மாட்டுக்கு நிறம்கூட இருந்தது. சிவப்பு, நெற்றியில் வெள்ளை. கணவர் நிறத்தைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

உண்மையில் அன்று காலை, கடலுக்கு நடுவே போகும் அந்தத் தாம்போதி றோட்டில் மாடு எதுவும் நிற்கவில்லை.

நான் ஆஸ்பத்திரித் தாதி. வீடு நாரந்தனையில், வேலை நயினாதீவில். விடிய முன் எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு, குறிகட்டுவானுக்குப் போய்ப் படகு பிடிக்க வேண்டும். பல வருடம் பஸ்ஸில்தான் போய்வந்தேன். பஸ் பிந்தினால் படகு போய்விடும். படகு போய்விட்டால், இரவு வேலை முடித்தவள் வீட்டுக்குப் போக முடியாமல் எனக்காகக் காத்திருப்பாள். கார் வாங்குவோம் என்று கேட்டபோது கணவர் சம்மதிக்கவில்லை. அவர் பிரதேச செயலகத்தில் வேலை செய்பவர். எதையும் ஆற அமர யோசித்துச் செய்யும் மனிதர். "நீர் அவசரக்காரி. அந்தத் தாம்போதியிலை ரெண்டு பக்கமும் கடல். உமக்குக் கார் சரிவராது" என்றார். நான் விடவில்லை. போய் லைசென்ஸ் எடுத்தேன். மாதக்கணக்கில் கதைத்துக் கதைத்துக் கடைசியில் ஒரு சின்ன ஹைபிரிட் கார் வாங்கினோம். யப்பானில் ஓடிவிட்டு வந்த கார். சாவியைக் கையில் தரும்போது ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: ஓடும்போது போனைத் தொடக் கூடாது.

கார் வந்த பிறகு என்னைவிட அவர்தான் அதில் பிரியமாக இருந்தார். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் நாள் முழுக்க வரிசையில் நின்ற மனிதர் அவர். இந்தக் கார் ஒரு லீற்றரில் இருபத்திரண்டு கிலோமீற்றர் ஓடியது. அந்த எண் முன்னாலுள்ள திரையில் தெரியும். பின்னேரம் நான் வந்து காரை நிறுத்தியதும் அவர் போய்க் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். "இண்டைக்கு இருபத்திரண்டரை" என்று சொல்லிக்கொண்டு நான் சமைக்கும் குசினிக்குள் வருவார். பரீட்சையில் நான் புள்ளி எடுத்து வந்ததுபோல இருக்கும் எனக்கு.

விபத்து நடந்த காலை நான் பிந்தியிருக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும். படகுக்கு நிறைய நேரம் இருந்தது. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியில், காற்று மெல்ல அடிக்க, நல்ல மனநிலையில் ஓடிக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சீற்றில் கிடந்த போனில் ஒரு படம் வந்து விழுந்தது. தைக்கக் கொடுத்திருந்த சட்டையின் கழுத்து இவ்வளவு இறக்கம் போதுமா என்று தையல்காரப் பிள்ளை கேட்டிருந்தாள். நான் அதை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவுதான். உயிர்போகிற செய்தி இல்லை, பிள்ளைக்குச் சுகமில்லை என்ற அழைப்பு இல்லை. ஒரு சட்டையின் கழுத்து.

நிமிர்ந்தபோது கார் இடது கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்கே சைக்கிளில் ஒரு வயதானவர், பின்னால் மீன்பெட்டி கட்டியபடி. வலப்பக்கம் வெட்டினேன். வலப்பக்கம் கடல் தெரிய, பயத்தில் திரும்ப இடப்பக்கம் வெட்டினேன். காரின் பின்பக்கம் அலைந்து, இடது பின் சில்லு றோட்டோரக் கல்லணையில் ஏறி, நாரி எலும்பு முறிவதுபோல ஒரு சத்தத்தோடு கீழே விழுந்தது. அதே வேகத்தில் முன்பக்கம் கரையோரக் கொங்கிறீற்றுத் தூணில் போய் மோதியது.

இறங்கி ஓடினேன். காரில் படவில்லை என்றாலும், பயத்தில் அந்த ஐயா சைக்கிளோடு விழுந்திருந்தார். முழங்கையில் உரசல். என் பையில் எப்போதும் மருந்துச் சாமான் இருக்கும். அங்கேயே கழுவித் துடைத்துக் கட்டிவிட்டேன். "ஒண்டுமில்லைப் பிள்ளை, பாத்து ஓடுங்கோ" என்று சொல்லி, சிதறின மீனைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பேர்கூட நான் கேட்கவில்லை. அவர் போனது எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதல்பட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிறகு காரைச் சுற்றிப் பார்த்தேன். முன் பம்பர் உடைந்து, ஒரு லைற் நொறுங்கி, தகரம் மடிந்திருந்தது. பின்னால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சில்லை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடி மட்டும் இரண்டாக வெடித்திருந்தது. கணவருக்குப் போன் எடுக்கும் முன்பே மாடு என் மனதில் வந்துவிட்டது. மாடு வந்தால் முன்பக்கம் உடையும். ஆனால் பின் சில்லு மூடி ஏன் உடைய வேண்டும்? அந்த வெடித்த மூடியைக் கழற்றி, கல்லணைக்கு அப்பால் தண்ணீருக்குள் எறிந்தேன். அதற்குப் பிறகுதான் போன் எடுத்தேன்.

அவர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். காரைப் பார்க்கவில்லை. என் நெற்றி, கை, கழுத்து எல்லாம் பார்த்தார். "உமக்கு ஒண்டுமில்லைத்தானே? கார் கிடக்குது" என்றார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மாடு என்றேன்.

சின்ன இடிதானே, காப்புறுதிக்காரரிடம் அலைய வேண்டாம் என்று அவரே முடிவெடுத்தார். கார் அல்லைப்பிட்டியில் இருக்கும் ஒரு கராச்சுக்குப் போனது. அதை நடத்துபவர் என்னைவிட நாலைந்து வயது இளையவர்; தம்பி என்றுதான் கூப்பிடுவோம். கொழும்பிலே ஹைபிரிட் வேலை பழகிவிட்டு, ஊரோடு இருப்போம் என்று மனைவியோடு வந்து தொடங்கியவர். அதிகம் பேசமாட்டார். வேலை சுத்தம். பத்து நாளில் முன்பக்கத்தைப் புதிதுபோல ஆக்கித் தந்தார். பின் சில்லு மூடி எங்கே என்று கணவர் கேட்டபோது, "குறிகட்டுவான் ஜெட்டியிலை கார் நிக்கேக்கை ஆரோ கழட்டிப் போட்டினம் போலை" என்றேன். இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

கார் திருத்தி வந்து ஒரு கிழமை கழித்து, பின்னேரம் குசினிக்குள் வந்தவர் எண் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "பதினாலு காட்டுது" என்றார்.

"புதுசாத் திருத்தின கார்தானே" என்றேன். என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அவர் காரைக் கொண்டுபோய்க் காட்டினார். வேலை செய்யும்போது சின்னப் பற்றறியைக் கழற்றிப் பூட்டியது, கொஞ்ச நாள் ஓட விடுங்கோ, தானாகப் பழகிவிடும் என்று தம்பி சொல்லி, ரயர்களுக்குக் காற்றுச் சரிபார்த்து அனுப்பினார். இரண்டு கிழமை ஓடினோம். பதினாலுதான். சில நாள் பதின்மூன்று. ஏசி போடாமல் வியர்த்துக்கொண்டு ஓடிப் பார்த்தேன். மெதுவாக ஓடிப் பார்த்தேன். என் மனதுக்குள் அந்தப் பின் சில்லின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் நான் என்ன, மெக்கானிக்கா? அது வேறு, இது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் தரம் நானும் கூடப் போனேன். தம்பி காரை ஓரிரவு வைத்திருந்து, கொம்பியூற்றர் பூட்டிப் பார்த்திருந்தார். ஒரு பிழையும் காட்டவில்லை. பின் சீற்றுக்குக் கீழே, பெரிய பற்றறிக்குக் காற்றுப் போகும் வலையில் தூசி அடைத்திருந்ததைத் துப்புரவாக்கியிருந்தார். நாலு சில்லையும் உயர்த்திக் கையால் சுற்றிப் பார்த்ததாகவும், எல்லாம் இலேசாகச் சுற்றுவதாகவும் சொன்னார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா, அண்டைக்குப் பின்பக்கம் எங்கேயும் அடிபட்டதோ? கல்லிலை, பள்ளத்திலை?"

கணவர் பக்கத்தில் நின்றார்.

"இல்லைத் தம்பி. மாடு முன்னுக்குத்தானே வந்தது."

அவர் தலையாட்டினார். ஒரு டொக்டர் நோயாளியிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார். நானும் தினமும் நோயாளிகளிடம் அப்படித்தான் கேட்கிறேன்: விழுந்தனீங்களோ, என்ன சாப்பிட்டனீங்கள், வேறை மருந்து எடுத்தனீங்களோ. பொய் சொல்லிவிட்டு நோய் மாறவில்லை என்று எங்களை ஏசுபவர்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் வரும்.

மூன்றாம் முறை, சில்லுகள் நேராக நிற்கின்றனவா என்று யாழ்ப்பாணத்தில் கொம்பியூற்றரில் அளக்கச் சொல்லி அனுப்பினார். அங்கே கொடுத்த தாளில் மூன்று சில்லுக்குப் பச்சை. இடது பின் சில்லுக்குச் சிவப்பு. தாளைத் தம்பி முன்னால் விரித்தோம். சிவப்பு எண்ணில் விரலை வைத்தார்.

"இது அடிபடாமல் இப்பிடி வராது. பின்னுக்கு ஒண்டும் படேல்லையோ?" என்றார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அல்லது நான் அப்படி நினைத்தேன். "யப்பானிலை இருந்து வரேக்கையே அப்பிடி வந்திருக்குமோ?" என்றேன்.

கணவர் உடனே, "அப்ப முந்தி எப்பிடி இருபத்திரண்டு குடுத்தது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவராகவே பதிலைக் கண்டுபிடித்தார். தம்பி பக்கம் திரும்பி, "நாங்கள் குடுக்கேக்கை நல்லாத்தான் இருந்தது. உம்மடை கராச்சிலைதான் ஏதோ நடந்திருக்கு. கார் உயர்த்துற ஜக்கிலை இருந்து விழுத்திப்போட்டு மறைக்கிறீரோ?" என்றார்.

"என்ரை கராச்சிலை கார் விழேல்லை அண்ணை."

"அப்ப ஆர் விழுத்தினது?"

தம்பி மறுபடி சொன்னார், குரல் உயர்த்தாமல்: "விழேல்லை அண்ணை."

நான் அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். ஏன் மடித்தேன் என்று தெரியாது. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் இதே கதைதான். கணவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தன்னை ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்ற எண்ணம் வந்துவிட்டால் அவரால் அதை இறக்கி வைக்க முடியாது. செயலகத்துக் கந்தோரில் யாரோ, ஹைபிரிட் காரில் நல்ல பற்றறியை எடுத்துவிட்டுப் பழசைப் போட்டுவிடுகிறார்கள், பெற்றோல் கூடக் குடித்தால் அதுதான் காரணம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது அவருக்குப் பிடித்துக்கொண்டது. முதலில் "மாத்தியிருப்பானோ" என்றார். ஒரு கிழமையில் அது "மாத்திப்போட்டான்" ஆனது. கோயிலடியிலும் கடையடியிலும் சொன்னார். நான் சோற்றைப் போட்டுக்கொண்டு கேட்டிருந்தேன். "சும்மா ஒராளைச் சொல்லாதையுங்கோ" என்று ஒரு தரம் சொன்னேன். "நீர் ஆரையும் நம்புவீர்" என்றார்.

ஒரு நாள் காலை படகில் எனக்கு முன்னால் இருந்த ரீச்சர் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "அல்லைப்பிட்டியிலை குடுக்காதையுங்கோ. பற்றறியை மாத்திப்போடுவினமாம். ஒரு நேர்சின்ரை காரிலை அப்பிடிச் செய்தவையாம்." என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேர்ஸ் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்ட பேச்சு, கடலில், என் காதுக்கே வந்து சேர்ந்திருந்தது. நான் எழும்பிச் சொல்லவில்லை. படகு ஆடியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பேச்சு தம்பிக்கும் போய்விட்டது. அவரே கணவருக்குப் போன் எடுத்தார். "அண்ணை, நீங்கள் சொல்லுற எந்த இடத்துக்கும் வாறன். பற்றறியைத் திறந்து பாப்பம்." ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் வேறொரு கராச்சில் திறந்தார்கள். தம்பி தன் மோட்டார் சைக்கிளில் வந்து, உள்ளே வராமல் வெயிலில் நின்றார். பற்றறிப் பெட்டியின் சீல் உடைந்திருக்கவில்லை. சோதித்துப் பார்த்ததில் அது நல்ல நிலைமையில் இருந்தது. அந்தக் கராச்காரர் சிரித்துக்கொண்டு, "இதை ஒருத்தரும் தொடேல்லை" என்றார். கணவர் "அப்ப வேறை ஏதோ" என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்கள் எல்லோருக்கும் தேநீர் வாங்கினோம். தம்பி குடிக்கவில்லை. "வேலை கிடக்குது" என்று சொல்லி ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு போனார்.

அன்றே நான் சொல்லியிருந்தால் ஓரளவு நல்லவளாக இருந்திருப்பேன். சொல்லவில்லை. இன்னும் மூன்று கிழமை போனது. பற்றறி நல்லதென்று தெரிந்துவிட்டது, இனி அந்தப் பேச்சு தானாக அடங்கும் என்று எனக்கு நானே ஆறுதல் சொன்னேன். சொன்னால் என்ன நடக்கும்? சாவி போய்விடும். திரும்பவும் பஸ். அதைவிட, என்னை முதலில் பார்த்துவிட்டுக் காரைப் பார்க்காத மனிதரிடம், நான் அப்போதே ஒரு மூடியைக் கடலில் எறிந்துவிட்டுத்தான் நின்றேன் என்று சொல்ல வேண்டும்.

என்னைக் கடைசியில் அசைத்தது ஒரு சின்ன விஷயம். நோயாளர் விடுதியில் ஒரு தாய், குழந்தைக்கு நாட்டு மருந்து கொடுத்ததை எங்களிடம் மறைத்திருந்தாள். குழந்தைக்கு உடம்பு முழுக்கத் தடித்துவிட்டது. எங்கள் ஊசியால்தான் வந்தது என்று அவளுடைய தாய்வீட்டார் சத்தம் போட்டார்கள். கூட வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி, நேற்றுத்தான் பயிற்சி முடித்து வந்தவள், மருந்தறைக்குள் போய் அழுதாள். பின்னேரமாகி அந்தத் தாய் தானாகவே வந்து, "பேச்சு விழுமெண்டு பயத்திலை சொல்லேல்லை மிஸ்" என்றாள். நான் அவளை ஏசத் தொடங்கினேன். இரண்டு சொல் வந்தது. மூன்றாவது சொல் வரவில்லை.

அன்று குறிகட்டுவானில் இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பும் சந்தியில் திரும்பாமல் காரை நேரே அல்லைப்பிட்டிக்கு விட்டேன். தம்பி ஒரு ஓட்டோவுக்குக் கீழே படுத்திருந்தார். என்னைக் கண்டு எழும்பினார். கதிரை எடுத்துப் போட்டார். நான் அதில் இருக்கவில்லை.

"தம்பி, மாடு வரேல்லை" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். போன், சைக்கிள் ஐயா, கல்லணை, தூண், மூடி. தையல்காரப் பிள்ளையின் படத்தைச் சொல்லும்போது வெட்கத்தில் என் குரல் இறங்கிவிட்டது. முடிந்ததும் அவர் காரடிக்குப் போனார். இடது பின் சில்லுக்கு அருகில் குந்தி, உள்ளங்கையைக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு வலது பின் சில்லுக்குப் போய் அதேபோலச் செய்தார்.

"இஞ்சை வாங்கோ அக்கா. கையைக் கிட்டப் பிடியுங்கோ. தொடாதையுங்கோ."

வலது சில்லு இளஞ்சூடாக இருந்தது. இடது சில்லில் அடுப்புக்குக் கிட்டப் போனதுபோல வெக்கை அடித்தது.

"அண்டைக்கு ஓரிரவு நிண்டு ஆறின பிறகுதான் நான் சுத்திப் பாத்தனான்" என்றார். "ஆறியிருந்தால் உரஞ்சாது. ஓடிச் சூடேறினாத்தான் பிறேக் பிடிக்குது. உள்ளுக்கை தகடு வளைஞ்சிருக்கும். சில்லும் சரிஞ்சு நிக்குது. காரை ஒராள் பின்னாலை பிடிச்சு இழுக்கிற மாதிரித்தான். மற்றக் கார் எண்டால் கொஞ்சம்தான் தெரியும். இது பற்றறியிலை ஓட வேண்டிய நேரத்திலையும் எஞ்சின் நிக்காமல் ஓடுது."

இரண்டு மாதமாக அவர் தேடியது இதைத்தான். பின்பக்கம் அடிபட்டது என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால், ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்திருப்பார்.

"நான் உங்களிட்டைக் கேட்டனான் அக்கா" என்றார்.

"ஓம்."

"ரெண்டு தரம்."

"ஓம் தம்பி."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், கையில் அழுக்கில்லை. "நான் இதை இப்ப கழட்ட மாட்டன். முதல் அண்ணையிட்டைச் சொல்லுங்கோ. அவரோடை வாங்கோ, செய்யிறன். நான் போய் அவருக்குச் சொல்ல ஏலாது. சொன்னால், உங்களிலை பழி போடுறன் எண்டுதான் நினைப்பார்."

அது உண்மை. அப்படித்தான் நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் அடுத்த நாளுக்குச் சட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். காருக்குள் எட்டிப் பார்ப்பதை அவர் எப்போதோ விட்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். அவர் முதலில் அயனை நிமிர்த்தி வைத்தார். பிறகு பிளக்கைக் கழற்றினார்.

"மாடு?"

"மாடு இல்லை."

"சிவப்பு மாடு எண்டு சொன்னனீர்."

"ஓம். பொய்."

போனைப் பற்றிச் சத்தம் போடுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சாவியைக் கேட்பார் என்று அதைக் கையிலேயே வைத்திருந்தேன். அவர் சாவியைப் பார்க்கவே இல்லை. கதிரையில் இருந்தார். "நான் எத்தினை பேருக்குச் சொன்னனான் தெரியுமோ?" என்றார். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். கந்தோரில் இன்னார், கோயில் தர்மகர்த்தா, கடைக்காரர், தன் தங்கையின் புருஷன், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வான் ஓடுபவர். விரலை மடித்து மடித்து வந்தவர், ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, "அந்த வான்காரன் இப்ப அங்கை வானைத் திருத்த விடுறதில்லை. நான்தான் சொன்னனான்" என்றார். அன்றிரவு இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் என்னை ஏசவும் இல்லை. அவரைப் பொய்யராக்கியது நான்தான் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் அவர் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். கராச் வாசலில் காரை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் இறங்காமல் இருந்தார். பிறகு இறங்கி நேரே போய், "தம்பி, பிழை எங்களிலைதான்" என்றார். 'இவவிலை' என்று என்னைக் காட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். 'எங்களிலை' என்றார். அந்தச் சொல் எனக்குப் பாரமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

தம்பி பாவித்த உதிரிப்பாகம் ஒன்று தேடி எடுத்து, பின்பக்க அச்சை மாற்றி, பிறேக் தகட்டையும் மாற்றினார். ஒரு கிழமை எடுத்தது. கார் திரும்ப இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று ஓடத் தொடங்கியது. கணவர் ஒரு நாள் பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்து, "இருபத்தொண்டரை" என்றார். சொன்ன பிறகு சந்தோஷப்படுவதா என்று தெரியாதவர்போல நின்றார்.

சாவியை அவர் கேட்கவே இல்லை. நானாகவே ஒரு மாதம் பஸ்ஸில் போனேன். "உது ஆருக்கு?" என்று கேட்டார் ஒரு நாள். உண்மைதான். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. பிறகு விட்டுவிட்டேன். போனை இப்போது பையோடு பின்சீற்றில் வைக்கிறேன்.

சொன்ன பேச்சைத் திருப்பி எடுப்பது நான் நினைத்ததுபோல இல்லை. கணவர் தன் கந்தோர் வாட்ஸ்அப் குழுவில், பிழை எங்களுடையது, கராச்காரர் நேர்மையானவர் என்று எழுதினார். இரண்டு பேர் பெருவிரல் போட்டார்கள். அதற்குக் கீழே யாரோ பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப அது மேலே போய்விட்டது. நான் படகில் அந்த ரீச்சரைத் தேடிப் பிடித்து, அந்த நேர்ஸ் நான்தான், பற்றறி மாற்றவில்லை, நான் சொன்ன பொய்யால் வந்த கதை என்று சொன்னேன். அவர் அக்கறையாகக் கேட்டார். "அப்பிடியோ? பாவம்" என்றார். பிறகு என் கையைத் தொட்டு, "எண்டாலும் அந்தக் கராச்சிலை கவனமா இருங்கோ" என்றார். வான்காரர் திரும்பி வரவில்லை. அவருக்கு யாழ்ப்பாணத்தில் வேறொருவர் பழகிவிட்டார். தம்பியின் கராச்சில் இப்போது ஓட்டோவும் தண்ணீர்ப் பம்பும்தான் அதிகம் நிற்கின்றன. எங்களால்தானா, இல்லாவிட்டாலும் அப்படித்தான் இருந்திருக்குமா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் அவர் என்னை ஆறுதல்படுத்த வேண்டியிருக்கும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தம்பியின் மனைவி நயினாதீவுக் கோயிலுக்கு வந்தார். படகில் எனக்கு எதிரே. கையில் அர்ச்சனைத் தட்டு. அவருக்கு என்னைத் தெரியும். ஆனால் நாங்கள் ஒரு நாளும் கதைத்ததில்லை. நான் எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். படகுச் சத்தத்துக்கு மேலாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்கடை ஆள் ஒண்டும் செய்யேல்லை. நான் சொன்ன பொய்தான். உங்களிட்டை நேரிலை சொல்லோணும் எண்டு இருந்தனான்."

"தெரியும். அவர் சொன்னவர்" என்றார். கோபமாக இல்லை. பிறகு கடலைப் பார்த்தபடி, "ஆனா அந்த நேரம் நானும் அவரைக் கேட்டுப்போட்டன். உண்மையா பற்றறியை மாத்தினனீங்களோ எண்டு" என்றார்.

படகு ஜெட்டியில் முட்டி நின்றது. அவர் தட்டைக் கவனமாகப் பிடித்துக்கொண்டு இறங்கிக் கோயில் பக்கம் போனார். நான் வேலைக்குப் போனேன். அன்று விடுதியில் கேள்வி கேட்க வேண்டிய நோயாளிகள் பதினொரு பேர் இருந்தார்கள்.